நடந்தே பதக்கம் பெற்ற நங்கை

பெக்கான் நானாசிலிருந்து பொந்தியானுக்கு பஸ் ஏறாமல் நடந்தே போகச் சொன்னால் நம்மில் எத்தனை பேர் புறப்படுவோம்? அன்னாசித் தோட்டத்திலும் பால்மரக் காட்டிலும் நாள் முழுதும் நடக்கும் நம் தாய்மார்கள்கூடச் சற்று யோசிப்பார்கள். ஏறக்குறைய அவ்வளவு தூரத்தை, 20 கிலோமீட்டரை, நம் மலேசியப் பெண்ணொருத்தி ஒரு மணி நாற்பது நிமிடத்தில் நடந்து முடித்தாள். கிலோமீட்டருக்கு ஐந்தே நிமிடம்! ஓட்டமல்ல, நடை!

அவர் பெயர் யுவான் யூஃபாங். 2002ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில், பெண்களுக்கான 20 கிலோமீட்டர் நடைப் போட்டியில் அவர் வெண்கலப் பதக்கம் பெற்றார்.

"நடப்பதற்கும் ஒரு போட்டியா?" என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் இதன் சட்டம் கடுமையானது. பார்ப்பவர் கண்ணுக்கு எப்போதும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். முன்வைத்த கால் தரையைத் தொட்டது முதல், உடல் அதன்மேல் நேராக வரும்வரை முழங்கால் மடங்கக் கூடாது. வழி நெடுக நடுவர்கள் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். அந்நாளில் மூன்று நடுவர்கள் சிவப்பு அட்டைக்கு எழுதிவிட்டால் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும்.

இந்த வேதனையை அனுபவித்தவர்தான் மான்செஸ்டரில் தங்கம் வென்ற ஆஸ்திரேலியாவின் ஜேன் சேவில். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில், சொந்த நாட்டு மக்கள் காத்திருக்க, முதலாவதாக அரங்கத்தின் வாசலுக்கு வந்துவிட்டார். அங்கேதான் அவருக்குச் சிவப்பு அட்டை காட்டப்பட்டது. அழுதார், ஆனால் நடையை விடவில்லை. இரண்டே ஆண்டில் காமன்வெல்த் தங்கம், 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம்! அப்படிப்பட்டவர் முதலாவதாக வந்த போட்டியில்தான் நம் யூஃபாங் மூன்றாவதாக வந்தார்.

ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 1908ஆம் ஆண்டிலேயே நடைப் போட்டி இருந்தது. பெண்களுக்கு அந்த வாசல் திறந்தது 1992இல்தான். பெண்ணின் காலுக்கு வலுவில்லை என்று நினைத்தார்களோ என்னவோ! விடியுமுன் பெரட்டுக்குப் போன நம் பாட்டிமாரைப் பார்த்திருந்தால் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள்.

இந்த விளையாட்டு நமக்குப் புதிதுமல்ல. 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் 50 கிலோமீட்டர் நடந்து தங்கம் வென்றவர் நம் ஜி. சரவணன். 2022இல் பர்மிங்ஹாமில் 10,000 மீட்டர் நடையில் வெள்ளி வென்றவர் இந்தியாவின் பிரியங்கா கோஸ்வாமி.

பெற்றோர்களே, இதற்கு விலையுயர்ந்த மட்டையோ பந்தோ வேண்டாம். ஒரு ஜோடி நல்ல சப்பாத்து, சொல்லிக் கொடுக்க ஓர் ஆசிரியர், விடாமுயற்சி இருந்தால் தொடங்கலாம். உங்கள் மகள் பள்ளித் திடலில் நடைப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று கேட்டால், "பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு?" என்று தடுத்துவிடாதீர்கள். நேர்மையாக வைக்கும் ஒவ்வோர் அடியும் அவளை எங்கே கொண்டு சேர்க்கும் என்று யார் கண்டது!