டைமண்ட் கார்டன் கிழக்கிலா, தென்மேற்கிலா?
வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைகளுக்கு வரைபடம் கற்றுத்தருவது எப்படி?

செம்பூர் டைமண்ட் கார்டனுக்கு முகவரி ‘செம்பூர் கிழக்கு’. காம்பஸை வைத்துப் பார்த்தாலோ, அது ஸ்டேஷனுக்குத் தென்மேற்கில் இருக்கிறது. மும்பையில் ஈஸ்ட், வெஸ்ட் எல்லாம் தண்டவாளத்தின் எந்தப் பக்கம் என்ற கணக்குதான். லைன் தெற்கு வடக்காக ஓடும்வரை அதில் சிக்கலில்லை. ஹார்பர் லைன் குர்லா தாண்டி மான்குர்த் பக்கம் வளையும்போது, ஸ்டேஷன் சொல்லும் கிழக்கு ஒரு பக்கமும் சூரியன் உதிக்கும் கிழக்கு வேறு பக்கமுமாகிவிடுகிறது.

இங்கே வளரும் பிள்ளைகள் வழி தவறுவது அபூர்வம். எந்த ஸ்டேஷனில் இறங்கி எந்தப் பாலம் ஏற வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அது ஒரு வழியை மட்டும் மனப்பாடம் செய்த அறிவு. அந்த வழி அடைபட்டால், மாற்று வழி தேட மொத்த இடமும் மனதில் படமாக இருக்க வேண்டும். வரைபடம் படிக்கக் கற்பதன் பயன் அதுதான்.

யாருக்கு, ஏன்?

பள்ளிக்குப் போகாமல் வீட்டில் படிக்கும் பிள்ளைகளில் பலர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் (என்ஐஓஎஸ்) வழியாகவோ கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ வழியாகவோ தேர்வு எழுதுகிறார்கள். என்ஐஓஎஸ் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். இவர்களிடம் வகுப்பறைப் பிள்ளைகளுக்கு இல்லாத ஒன்று இருக்கிறது: வார நாட்களின் காலைப் பொழுது. வரைபடப் பாடத்துக்குத் தேவையும் அதுதான். இதை மேசையில் உட்கார்ந்து பாதிதான் படிக்க முடியும்.

முதலில் ஒரு தாள்

1767-ல் தொடங்கிய சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 டோப்போஷீட் என்ற நில அமைப்பு வரைபடத் தாள்தான் பாடப்புத்தகம். 2005-ஆம் ஆண்டு தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்கென்று தனி வரிசை வந்தது. அதை அந்தத் துறையின் இணையதளத்தில் பதிவு செய்து இறக்கிக்கொள்ளலாம். பழைய எண் முறையில் மாட்டுங்கா, தாராவி, செம்பூர் மூன்றும் 47ஏ/16 என்ற ஒரே தாளில் அடங்கிவிடும்.

தாளில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. சயான் ஸ்டேஷனிலிருந்து செம்பூர் ஸ்டேஷனுக்கு ஸ்கேல் வைத்தால் சுமார் எட்டரை செ.மீ.; நேர்கோட்டில் நாலேகால் கி.மீ. நடந்து போனால் எவ்வளவு, ஏன் கூடுகிறது என்று பிள்ளையையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நீலம் நீர், பச்சை மரங்கள், பழுப்புக் கோடு உயரம் என்ற நிறக்கணக்கு ஒரு மணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.

மாட்டுங்கா: தாளைத் திருப்பிப் பிடித்தல்

தொடங்க ஏற்ற இடம் மாட்டுங்கா. 1896-ல் பிளேக் பரவியதை அடுத்து 1898-ல் அமைந்த பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட், திட்டம் போட்டு உருவாக்கிய பகுதி இது. கிங் சர்க்கிள் பூங்காவில் நின்று, தாளில் உள்ள சாலைகள் எதிரே தெரியும் சாலைகளோடு ஒத்துப்போகும்வரை தாளைத் திருப்ப வேண்டும். படத்தை இடத்தோடு பொருத்துவதுதான் முதல் திறமை. அடுத்த பயிற்சி: மாட்டுங்கா, மாட்டுங்கா ரோடு, கிங் சர்க்கிள் என்று மூன்று லைன்களில் இருக்கும் மூன்று ஸ்டேஷன்களையும் தாளில் கண்டுபிடித்து, மொபைல் இல்லாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடப்பது.

காம்பஸுக்கு மும்பை வசதியான ஊர். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இங்கே வித்தியாசம் ஒரு டிகிரிக்கும் குறைவு. இரும்புப் பாலத்தின் மேல் நின்று மட்டும் பார்க்கக் கூடாது, முள் இழுபடும். 1841 முதல் காந்தப் பதிவு எடுத்துவந்த கொலாபா ஆய்வகமே, நகரத்தில் மின்சார டிராம் வரப்போகிறது என்றதும் 1904-ல் அலிபாகுக்கு அந்த வேலையை மாற்ற வேண்டியதாயிற்று.

செம்பூர்: உயரமும் வெற்றிடமும்

செம்பூருக்குத் தெற்கே டிராம்பே மலை சுமார் 300 மீட்டர் உயரம். இந்தத் தாளில் உயரக்கோடுகளுக்கு இடைவெளி 20 மீட்டர். அப்படியானால் எத்தனை கோடுகள் வர வேண்டும்? கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் மென்சரிவு. பாதுகாப்புக் கருதிச் சில இடங்களைப் பொதுமக்களுக்கான தாளில் காட்டுவதில்லை என்பதையும், அணு ஆராய்ச்சி மையம் இருக்கும் இந்தப் பகுதிக்கு வரும்போதே சொல்லிவிடலாம். வரைபடம் வெற்றாக இருந்தால் தரையும் வெற்று என்று நினைத்துவிடக் கூடாது.

தாராவி: தாளில் இல்லாத சந்து

மேற்கே மாஹிம் பக்கத்து ரயில்பாதை, கிழக்கே சயான் பக்கத்து ரயில்பாதை, வடக்கே மித்தி நதி. இந்த முக்கோணம் சுமார் 2.4 சதுர கி.மீ.; டோப்போஷீட்டில் பத்து சதுர செ.மீ.கூட வராது. ஒரு மீட்டர் அகலச் சந்து அந்த அளவில் 0.02 மில்லிமீட்டர், அச்சில் போடவே முடியாது. அதையே 1:500 அளவில் வரைந்தால் 2 மில்லிமீட்டர் வந்துவிடும்.

ஆகவே இங்கே பிள்ளை தானே வரைய வேண்டும். தன் ஓரடி எத்தனை செ.மீ. என்று முதலில் அளந்துகொள்ளட்டும். நைன்டி ஃபீட் ரோட்டிலிருந்து ஒரு சந்துக்குள் நுழைந்து, அடிகளை எண்ணி, திருப்பங்களைக் காம்பஸில் குறித்து, குழாயடி, கோயில், மாவு மில் என்று நோட்டில் பதியட்டும். சுவர்கள் நெருங்கி வானமே தெரியாத சந்துகளில் மொபைலின் நீலப்புள்ளி தடுமாறும். நோட்டில் எண்ணிக் குறித்த அடிகள் தடுமாறாது.

தாராவியில் இது தேர்வோடு முடிகிற பாடமும் அல்ல. மறுசீரமைப்புத் திட்டத்துக்காக 2024 மார்ச்சில் வீடுகளுக்கு எண் போட்டுக் கணக்கெடுப்பு தொடங்கியது. ட்ரோன், லேசரால் அளக்கும் லைடார் கருவிகளும் வந்தன. அங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் வரைபடம் ஒன்று கைக்கு வந்தால், அதைப் படித்துச் சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையின் தலையில்தான் விழும். எந்த அளவில் வரைந்தது, எந்த ஆண்டு அளந்தது, எல்லைக்கோடு நம் சுவருக்கு எந்தப் பக்கம் போகிறது? இந்த மூன்றையும் பார்த்துச் சொல்லத் தெரிந்தால், அந்தப் பிள்ளைக்கு வரைபடம் படிக்க வந்துவிட்டது.