போர்க்களத்திலிருந்து நிர்வாகப் பொறுப்புக்கு

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் சகோதரரே! சரக்கு கப்பலேறும் நாள் நெருங்குகையில் தொழிலாளர் மனம் கசந்தால் என்ன செய்வீர்கள்?

ஏர் சீஃப் மார்ஷல் பி.சி. லாலின் வாழ்வைச் சற்றே எண்ணிப் பாருங்கள். 1965 போரில் விமானப்படைத் துணைத் தளபதி. 1971 போரில் தளபதி. இடையே இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தை நிர்வகித்தார். 1973இல் ஓய்வு பெற்றதும் இந்தியன் ஏர்லைன்ஸ் தலைவரானார். அவ்வாண்டின் இறுதியிலேயே தொழிலாளர் தகராறு முற்றிக் கதவடைப்பு வந்தது!

படையில் ஆணையே போதும். நிறுவனத்திலோ பேச்சுவார்த்தையின்றி வழியில்லை. ஒழுங்கையும் காலந்தவறாமையையும் படைவீரரிடம் கற்போம். ஆனால், கட்டிங் மேசையருகே நிற்போரும் ஓவர்லாக் இயந்திரத்தின்முன் அமர்ந்திருப்போரும் சிப்பாய்கள் அல்லர். பீஸ் ரேட் கூலியைக் குறித்த நாளில் கொடுங்கள், குறைகளைச் செவிமடுங்கள். அதட்டல் தராத உழைப்பை நம்பிக்கை தரும்.