ராணிப்பேட்டையின் மஞ்சள் நீர்

ராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் ஒரு குரோமேட் ஆலை இருந்தது. 1970களில் தொடங்கி, 1990களின் நடுவில் மூடப்பட்டது. ஆலை நின்று கால் நூற்றாண்டு கடந்த பிறகும் அதன் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல் அங்கேயே குவிந்து கிடந்தது. மழை பெய்தால் குவியலின் அடியிலிருந்து மஞ்சளாக நீர் வடியும். 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகின் மிக மோசமாக மாசுபட்ட 10 இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது.

குரோமைட் தாதுவைச் சோடா உப்போடு கலந்து சூளையில் வறுத்து, தண்ணீர் விட்டுக் குரோமேட்டைக் கரைத்தெடுப்பார்கள். அதிலிருந்து செய்த உப்புதான் டேனரிகளில் தோல் அழுகாமல் பதப்படுத்தப் பயன்பட்டது. கரைத்தெடுத்தபின் மிஞ்சும் சக்கையை வெட்டவெளியில் கொட்டினார்கள். அந்தச் சக்கைக்குள் குரோமியம்-6 தங்கிவிடுகிறது. குரோமியத்தில் இரண்டு வகையை இங்கே பிரித்தறிய வேண்டும். குரோமியம்-3 பெரும்பாலும் மண்ணோடு ஒட்டி நின்றுவிடும். குரோமியம்-6 நீரில் கரையும். நிலத்தடி நீர் போகும் திசையெல்லாம் கூடவே போகும். புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் அதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது.

இப்போது ஆலையை நடத்துவோம், கெட்ட மண்ணைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்ற நம்பிக்கையில்தான் இத்தனையும் நடந்தது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்கு அருகே இதே தொழில் செய்த ஆலை 1960களின் பிற்பகுதியிலேயே மூடப்பட்டது. அரை நூற்றாண்டு கழித்து, 2021இல், அப்பகுதியின் பால்மடி ஓடை குரோமியம்-6 கசிவால் பளிச்சென்ற பச்சை நிறத்தில் ஓடியது. பணமும் தொழில்நுட்பமும் உள்ள நாட்டின் நிலையே இது.

பரிகாரமே இல்லையா என்றால், உண்டு. இரும்பு சல்பேட் சேர்த்தால் குரோமியம்-6 குரோமியம்-3ஆக மாறும். ஆனால் மருந்து சக்கைத் துகளின் மேற்பரப்பில்தான் வேலை செய்கிறது; உள்ளே அடைபட்டிருப்பது மாதங்கள் கழித்து மறுபடி கசிகிறது. மேலே களிமண்ணும் பிளாஸ்டிக் விரிப்பும் போட்டு மூடினால் மழைநீர் உள்ளே இறங்காது. ஆனால் அடியில் ஏற்கெனவே கலந்துவிட்ட நஞ்சு பரவுவது நிற்காது. முழுவதையும் தோண்டி எடுத்து, அடித்தளம் காப்பிட்ட கிடங்கில் புதைப்பதே உறுதியான வழி. அதற்குப் பெரும் பணமும், அந்தக் கழிவை ஏற்க ஓர் இடமும் வேண்டும். தள்ளிப்போடும்போது வரும் ஒவ்வொரு பருவமழையும் தோண்ட வேண்டிய மண்ணின் பரப்பை விரிவாக்குகிறது.

ராணிப்பேட்டை இருக்கும் பாலாற்றுப் படுகை முழுவதற்கும் இன்னொரு நோய் உண்டு: உப்பு. பச்சைத் தோலை உப்பிட்டுத்தான் டேனரிக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கே ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பின் பெரும்பகுதி கழிவுநீரில் சேர்கிறது. உப்பிலுள்ள சோடியம் வயலில் ஏறினால் மண்ணின் கட்டமைப்பு குலைந்து, காய்ந்ததும் மேலே பொருக்குத் தட்டும். விதை முளைத்தாலும் வெளியே வர முடியாது. ஜிப்சம் போட்டு நல்ல தண்ணீர் பாய்ச்சி, உப்பைக் கரைத்து வடித்தால் மண் மீளும். ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் பாலாற்றில் அந்த நல்ல தண்ணீருக்கு எங்கே போவது?

டேனரிப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப்போனது என்ற வேளாண் பல்கலைக்கழகக் கணக்கை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தன் தீர்ப்பில் பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், இழப்பீட்டோடு சூழலை மீட்கும் செலவும் அதில் அடங்கும் என்றது. டேனரிக் கழிவுநீருக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. அவற்றில் சேரும் சகதியையும் எங்காவது வைக்க வேண்டுமே! 2015 ஜனவரி 31 அதிகாலை, சிப்காட்டில் அப்படியொரு சகதித் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அதில் புதைந்து இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2025 ஜனவரி 30 அன்று அதே உச்ச நீதிமன்றம், மாசால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டை வழங்கவும், நிலைமையைக் கண்காணிக்க ஒரு குழு அமைக்கவும் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையில் போனவை 28 ஆண்டுகள். புதிதாகக் குரோமியம் பயன்படுத்தும் ஆலைக்கு அனுமதி தரும் முன், அதன் கழிவை எடுத்துப் புதைக்கும் செலவை முன்பணமாக வாங்கி வைக்காவிட்டால் இதே கதை வேறு ஊரில் நடக்கும்.

சிப்காட்டைச் சுற்றி போர்வெல் தண்ணீர் குடிப்பவர்களுக்கு: குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கண்ணுக்கு மஞ்சள் தெரியும்போது அந்த வரம்பு பல மடங்கு மீறப்பட்டிருக்கும். நிறமில்லாத தண்ணீரிலும் குரோமியம் இருக்கலாம். காய்ச்சினால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் அதைத் தனியாகக் காட்டாது. ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுக்கும்போது குரோமியம் சோதனை வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.