‘புகார் எதுவும் இல்லை’ என்ற பதிவேடு நமக்குச் சொல்வது என்ன?

எண்ணூர் முகத்துவாரக்குப்பம் தொடங்கி திருவொற்றியூர், இராயபுரம் வரை தொழிற்சாலை, கன்டெய்னர் கிடங்கு, ஏற்றுமதி அலுவலகம் என்று வேலைக்குச் செல்லும் பெண்கள் ஏராளம். அவர்களில் ஒருத்தி திடீரென்று, "இனி அங்கே போக மாட்டேன்" என்கிறாள். காரணம் கேட்டால் பதில் இல்லை. பெற்றோரும், "மானம் போகாமல் வந்தாளே, அது போதும்" என்று வேலையை விடச் செய்துவிடுகிறார்கள். அடுத்த மாதம் அதே மேற்பார்வையாளரின் கீழ் வேறொரு வீட்டுப் பிள்ளை வேலைக்குச் சேருகிறாள்.

நிறுவனத்தின் பதிவேட்டில் இதற்கு ஒரே ஒரு வரிதான்: ‘சொந்தக் காரணத்தால் விலகினார்.’ புகார்ப் பதிவேட்டிலோ பூஜ்ஜியம்.

இந்த இடத்தில்தான் தரவுப் பகுப்பாய்வு உதவுகிறது. பெரிய சொல்லாகத் தெரிந்தாலும் விஷயம் எளிது. தனித்தனியாகக் கிடக்கும் பதிவுகளைச் சேர்த்து வைத்து, எது திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்ப்பதுதான் அது. ஒரு நிறுவனத்தில் ஆண்டுக்கு இருபது பெண்கள் விலகுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் பதினைந்து பேர் ஒரே பிரிவையும் ஒரே இரவு ஷிப்டையும் சேர்ந்தவர்கள் என்றால், யாரும் புகார் எழுதாவிட்டாலும் அங்கே விசாரிக்க வேண்டிய ஏதோ ஒன்று இருக்கிறது. விலகல், விடுப்பு, இடமாற்றக் கோரிக்கை, புகார் முடிய எடுத்த நாட்கள் ஆகிய நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பல உண்மைகள் வெளிவரும்.

திண்டுக்கல் தந்த பாடம்

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த தலித் இளம்பெண் கொலை செய்யப்பட்டார். அந்த ஆலையின் மேற்பார்வையாளர் மீதே குற்றச்சாட்டு எழுந்தது. இதையடுத்து 2022 ஏப்ரலில், பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியனும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ செய்துகொண்டன. எச் அண்ட் எம் போன்ற வெளிநாட்டு ஆடை நிறுவனங்களும் இதற்குக் கட்டுப்பட்டன.

ஆலைத் தளத்தில் வேலை செய்யும் பெண்களையே கண்காணிப்பாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். அவர்கள் குறைகளைக் கேட்டுப் பதிவு செய்து, நிர்வாகத்திடம் கொண்டு போனார்கள். முதல் ஆண்டில் 185 குறைகள் பதிவாகி, அவற்றில் 182 தீர்க்கப்பட்டன. எல்லாமே பாலியல் தொல்லை பற்றியவை அல்ல. ஆனால் சிறிய குறையைச் சொல்லத் துணிவு வந்த இடத்தில்தான் பெரிய குறையும் வெளியே வரும்.

ஆகவே புகார் எண்ணிக்கை கூடினால் அந்த நிறுவனம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது; வாய் திறக்கும் நம்பிக்கை வந்திருக்கிறது என்றும் அதற்குப் பொருள் இருக்கலாம். பல ஆண்டுகளாகப் பூஜ்ஜியம் காட்டும் பதிவேட்டைத்தான் நாம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

சட்டம் கேட்கும் கணக்கு

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இல் வந்தது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் பெண் தலைமையில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம். தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் வரை குழு அவகாசம் தரும். விசாரணை 90 நாட்களில் முடிய வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான இடமானாலும், முதலாளி மீதே புகாரானாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவை அணுகலாம். ஒப்பந்தத் தொழிலாளி, தினக்கூலி, பயிற்சியாளர், வீட்டு வேலை செய்பவர் அனைவருக்கும் இச்சட்டம் பொருந்தும்.

2025 ஜூலை முதல், நிறுவனச் சட்டத்தின் கீழ் இயக்குநர் குழு அறிக்கை வெளியிடும் நிறுவனங்கள் எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது, 90 நாட்களைத் தாண்டி எத்தனை நிலுவையில் உள்ளது என்று அதில் காட்ட வேண்டும். மத்திய அரசின் ‘ஷி-பாக்ஸ்’ இணையதளத்திலும் புகாரைப் பதிந்து அதன் நிலையை அறியலாம்.

ஆனால் வடசென்னைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே பலர் கான்ட்ராக்டர் மூலம் வேலைக்குப் போகிறவர்கள். அவர் நின்றுவிட்டால் கான்ட்ராக்டரின் பட்டியலில் பெயர் மாறும்; நிறுவனத்தின் விலகல் கணக்கில் அது ஏறாமலே போகலாம். ஒப்பந்தத் தொழிலாளர்களை விட்டுவிட்டுப் போடும் கணக்கு பாதிக் கணக்குதான்.

எல்லை எது?

தரவு சந்தேகத்துக்கு வழி காட்டும், தீர்ப்பு சொல்லாது. ஒரு பிரிவில் விலகல் அதிகம் என்பதற்காக அங்குள்ள மேற்பார்வையாளரைக் குற்றவாளி என்றுவிட முடியாது. குறைந்த கூலியோ, இரவில் பேருந்து இல்லாததோ கூடக் காரணமாக இருக்கலாம். குற்றச்சாட்டை இரு தரப்பையும் கேட்டு, சாட்சியம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு பக்கம், ஊழியரின் தனிப்பட்ட செய்திகளைத் துருவிப் பார்ப்பதும் ‘பகுப்பாய்வு’ என்ற பெயரில் நடக்கக்கூடும். சூரா அல்ஹுஜுராத், வரும் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது (49:6). அதே அத்தியாயம் பிறர் அந்தரங்கத்தைத் துருவுவதைத் தடுக்கிறது (49:12). இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதே நேர்வழி. புகார் கொடுத்தவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று சட்டமும் சொல்கிறது. மூன்றே பெண்கள் உள்ள பிரிவில் ‘ஒரு புகார்’ என்று அறிவித்தாலே அது யார் என்று தெரிந்துவிடும் அல்லவா? கணக்குப் போடுபவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது

பிள்ளை சொன்னால் முதலில் நம்புங்கள், பழி சொல்லாதீர்கள். தேதி, நேரம், இடம், சொன்ன சொல், உடன் இருந்தவர் ஆகியவற்றை அன்றே எழுதி வைக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்க வேண்டாம். வேலையைத் தொடர்வதா விடுவதா என்பது அவளுடைய முடிவு. விட்டாலும் காலக்கெடுவுக்குள் புகார் தரலாம். உதவிக்கு 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. நம்மவர்களில் தொழில் நடத்துபவர்கள், தங்கள் நிறுவனத்தில் குழு இருக்கிறதா, விலகிய பெண்களிடம் காரணம் கேட்கப்பட்டதா என்று இந்த வாரமே பார்க்கட்டும்.

பதியப்படாத ஒவ்வொரு தொல்லையும் அந்தப் பூஜ்ஜியத்தைக் காப்பாற்றுகிறது. அதற்கு விலை கொடுப்பவள் அடுத்து வரும் பிள்ளை. அவளும் ஒரு வீட்டின் அமானிதம்தான்.