கண்ணியும் காவலும்: சாலையோர வெடிகுண்டுகளிலிருந்து படை வாகனங்களைக் காத்தல்

‘கண்ணி’ என்பது பறவைகளையும் விலங்குகளையும் அகப்படுத்த வைக்கும் சுருக்கு. கண்ணி வைக்கும் வேட்டுவன் விலங்கைத் துரத்திக்கொண்டு ஓடுவதில்லை. அது நாள்தோறும் எவ்வழியே நீர்த்துறைக்குச் செல்கிறது என்பதைக் கண்டறிந்து, அவ்வழியிலேயே சுருக்கை வைத்துவிட்டுக் காத்திருக்கிறான். நிலத்தில் மறைத்து வைக்கப்படும் வெடிக்குக் ‘கண்ணிவெடி’ என்று நம் மொழி வழங்கும் பெயர் மிகப் பொருத்தமானது. இங்கும் வெடியின் வலிமையைவிட, வருபவரின் வழக்கத்தை அறிந்திருப்பதே தாக்குபவருக்குப் பெருந்துணையாகிறது.

படை வாகனத் தொடர்கள் எளிதில் இலக்காவதற்குக் காரணம் இதுவே. முகாமில் உள்ள வீரர்களுக்கு உணவும் நீரும் எரிபொருளும் மருந்தும் இடையறாது சென்றாக வேண்டும். அவற்றைச் சுமக்கும் கனரக லாரிகள் சாலையை விட்டு விலக இயலா. வழி ஒன்றே, வாகனங்களோ பல, வேகமோ குறைவு. இத்தொடர்களைக் காக்கத் தொழில்நுட்பம் எவ்வாறு முயன்றது, எங்கே வென்றது, எங்கே தடுமாறியது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சாலையை விட்டு விலகுதல்

1979 ஆகஸ்ட் 27 அன்று, வட அயர்லாந்தின் வாரன்பாயிண்ட் நகருக்கு அருகே, பிரிட்டிஷ் படையின் ஒரு லேண்ட் ரோவரும் இரண்டு லாரிகளும் சென்றுகொண்டிருந்தன. சாலையோரத்தில் வைக்கோல் ஏற்றிய இழுவண்டி ஒன்று நின்றது. அதனுள் மறைத்து வைக்கப்பட்டிருந்த குண்டு தொலைவிலிருந்து வெடிக்கச் செய்யப்பட்டபோது, கடைசி லாரியில் இருந்த ஆறு வீரர்கள் மாண்டனர். உதவிக்கு வந்தோர் அருகிலிருந்த நுழைவாயில் கட்டடத்தின் பக்கம் ஒதுங்கினர். அரைமணி நேரத்தில் அங்கே இரண்டாவது குண்டு வெடித்தது. மேலும் பன்னிருவர் மாண்டனர். தாக்கப்பட்ட படை அடுத்து எங்கே கூடும் என்பதையும் தாக்கியோர் முன்கூட்டியே கணித்திருந்தனர்.

அந்நாட்டின் தென் ஆர்மா பகுதியில் பிரிட்டிஷ் படை சாலைப் பயணத்தைப் பெரும்பாலும் கைவிட்டு, ஹெலிகாப்டர்களையே சார்ந்திருந்தது. கண்ணி உள்ள வழியில் செல்லாதிருப்பதே முதற்பாதுகாப்பு என்பதில் ஐயமில்லை. எனினும் ஒரு பெரும்படைக்கு வேண்டிய அனைத்தையும் வான்வழியே கொண்டு செல்வது எங்கும் இயலாது. சாலையில் சென்றே ஆகவேண்டும் எனில், வாகனத்தைக் காப்பது எப்படி?

வடிவமே கவசம்

இவ்வினாவுக்குத் தெளிவான விடை 1970களில் ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் கிடைத்தது. அக்காலத்தில் ரொடீசியா எனப்பட்ட இன்றைய சிம்பாப்வேயிலும், தென்னாப்பிரிக்கப் படைகள் போரிட்ட எல்லைப் பகுதிகளிலும் மண்சாலைகள் எங்கும் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. அங்கிருந்த பொறியாளர்கள் எளிய இயற்பியல் உண்மை ஒன்றைப் பயன்படுத்தினர். தட்டையான அடிப்பாகத்தில் மோதும் வெடியழுத்தம் போக வழியின்றி முழு விசையுடன் மேல்நோக்கித் தாக்கும். அடிப்பாகம் படகினுடையதைப் போல இருபுறமும் சரிந்திருந்தால், அழுத்தத்தின் பெரும்பகுதி பக்கவாட்டில் திருப்பி விடப்படும். தரையிலிருந்து வாகனம் உயர்ந்து நின்றால், விசை உடலை எட்டுவதற்குள் குறைந்துவிடும்.

இவ்வடிப்படையில் உருவானதே ‘காஸ்பிர்’ என்னும் தென்னாப்பிரிக்க வாகனம். சக்கரம் பிய்த்தெறியப்படலாம், உள்ளிருப்போர் பிழைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். ரொடீசியாவில் உருவான ‘பூக்கி’ என்னும் சிறு வண்டி வேறொரு வழியை மேற்கொண்டது. பந்தயக் கார்களின் அகன்ற டயர்களைப் பொருத்தி, நிலத்தின் மீது விழும் அழுத்தத்தை அது மிகவும் குறைத்தது. கண்ணிவெடி வெடிக்காதவாறு அதன் மேலேயே சென்று, புதைந்திருப்பதைக் கண்டறிந்தது. இவ்வாகனங்களின் பின்னணி கசப்பானது என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. காஸ்பிர் நிறவெறி அரசால் கறுப்பின மக்களின் குடியிருப்புகளை அடக்கவும் பயன்படுத்தப்பட்டது. எனினும் அதன் வடிவம் கற்பித்த பாடம் உண்மையானது.

வந்து சேராத அறிவு

2003இல் அமெரிக்கப் படைகள் ஈராக்கினுள் நுழைந்தபோது, அவை பெரிதும் பயன்படுத்தியது ‘ஹம்வி’ வாகனத்தையே. அது தட்டையான அடிப்பாகம் கொண்டது, தரைக்கு நெருக்கமானது, பெரும்பாலானவற்றில் கவசமும் இல்லை. 2004 டிசம்பரில் குவைத் முகாமுக்கு வந்த பாதுகாப்பு அமைச்சர் டோனல்ட் ரம்ஸ்ஃபெல்டிடம், வாகனங்களுக்குக் கவசமிடக் குப்பைமேட்டில் பழைய இரும்பைத் தேடும் நிலை ஏன் என ஒரு வீரர் நேருக்கு நேர் வினவினார். ஈராக்கில் தாக்குதல்களில் மாண்ட அமெரிக்க வீரர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இத்தகைய வெடிகுண்டுகளுக்கே பலியாயினர்.

2005 பிப்ரவரியில், களத்திலிருந்த அமெரிக்கக் கடற்படைக் காலாட்பிரிவினர் சரிந்த அடிப்பாகமுடைய வாகனங்கள் 1,169 வேண்டும் என அவசரக் கோரிக்கை விடுத்தனர். அக்கோரிக்கை அலுவலகங்களில் தேங்கியது. 2007 மே மாதத்தில்தான், அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் இவற்றை வாங்குவதே தம் துறையின் முதற்பணி என அறிவித்தார். இவ்வாகனங்களின் சிறப்பை ஒரு நாளிதழ்ச் செய்தியின் வழியே தாம் அறிந்ததாக அவர் பின்னர் எழுதினார். இறுதியில் 27,000க்கும் மேற்பட்டவை வாங்கப்பட்டன.

இவையும் குறையற்றவை அல்ல. உயரமும் எடையும் மிகுந்தமையால் சில கவிழ்ந்தன; சிறு பாலங்கள் இவற்றைத் தாங்கவில்லை. ஆப்கானிஸ்தானின் மலைச்சாலைகளுக்கென 2009இல் எடை குறைந்த வேறொரு வகையை உருவாக்க நேர்ந்தது.

புலப்படாத சுவர்

கவசம் வெடிப்பைத் தாங்குவது; அலைத்தடுப்புக் கருவியாகிய ‘ஜாமர்’ வெடிப்பே நிகழாமல் தடுப்பது. தொலைவிலிருந்து வானொலி அலையால் இயக்கப்படும் குண்டுக்கு ஓர் ஆணை வந்து சேர வேண்டும். வாகனத்தில் பொருத்தப்பட்ட ஜாமர் அதே அலைவரிசைகளில் பேரிரைச்சலை எழுப்பி, அவ்வாணையைக் கேளாமற் செய்கிறது. வாகனத் தொடரைச் சுற்றி, அதனுடன் நகரும் கண்காணாச் சுவர் எழுந்துவிடுகிறது. ஆயின் அவ்விரைச்சல் படையின் சொந்தத் தகவல் தொடர்பையும் குலைத்ததால், இரண்டையும் இணங்கச் செய்வதே பொறியாளர்களுக்குப் பெரும்பாடாயிற்று.

வானொலி வழி அடைபட்டதும் தாக்குபவர்கள் மின்கம்பிக்கும், மிதித்தால் வெடிக்கும் தகட்டுக்கும் மாறினர். வாகனத்தின் வெப்பத்தை உணர்ந்து வெடிக்கும் பொறிகள் வந்தபோது, படையினர் வண்டியின் முன்னே நீண்ட கம்பில் சூடான பெட்டியொன்றைக் கட்டி அப்பொறிகளை ஏமாற்றினர். ஒவ்வொரு தடுப்பும் சில காலத்தையே ஈட்டித் தந்தது. அச்சில காலத்தில் காக்கப்பட்ட உயிர்கள் பல என்பதால், அதனை வீண் எனக் கூறுதலும் தகாது.

மூக்கும் கண்ணும்

வெடிகுண்டை முன்கூட்டியே கண்டறிதல் மூன்றாவது வழி. 1972இல் பிரிட்டிஷ் படை அதிகாரி பீட்டர் மில்லர், மின்னாற்றலால் இயங்கும் தள்ளுவண்டியின் அடிச்சட்டத்தைக் கொண்டு குண்டு அகற்றும் இயந்திரத்துக்கு வித்திட்டார். நிலத்தை ஊடுருவிப் பார்க்கும் ராடார் தாங்கிய வண்டிகள் பின்னர் வந்தன. இத்தனைக்கும் பிறகு, வெடிகுண்டு எதிர்ப்புக்கென அமெரிக்கா 2006இல் நிறுவிய அமைப்பின் தலைவர் மைக்கேல் ஓட்ஸ் 2010இல் ஓர் உண்மையை வெளிப்படையாகக் கூறினார். பெருந்தொகை செலவிட்ட பின்னும், பயிற்சி பெற்ற நாயும் அதனை நடத்தும் வீரருமே மிகச் சிறந்த கண்டறிகருவியாக விளங்கினர் என்பதே அது. நேற்று இல்லாத மண்மேடு, வழக்கமாக விளையாடும் சிறுவர்கள் இல்லாத தெரு ஆகியவற்றைக் கவனிக்கும் கண்ணுக்கு ஈடான கருவி எளிதில் அமைவதில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் உணர வேண்டும். கவசமும் ஜாமரும் தொடரில் செல்வோரை மட்டுமே காக்கின்றன. கண்டறிந்து அகற்றுதலோ சாலையையே காக்கிறது. ஆப்கானிஸ்தானில் இக்குண்டுகளால் மாண்ட பொதுமக்கள் மிகப் பலர். கவச வாகனம் தப்பிச் சென்ற அதே சாலையில் அடுத்து வரும் பேருந்துக்குக் கவசம் கிடையாது.

கண்ணி வைப்பவன் ஒவ்வொரு நாளும் கற்றுக்கொண்டே இருக்கிறான். காப்பவர்களும் கற்றார்கள், ஆனால் ஒரு போரில் உயிர் கொடுத்துக் கற்ற பாடம் அடுத்த போருக்கு வந்து சேர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. சரிந்த இரும்புத் தகட்டின் பயன் முன்பே அறியப்பட்டது. அதைச் செய்யும் திறனும் இருந்தது. அறிந்தவரின் சொல் ஆணையிடும் இடத்தை எட்டவில்லை. அந்த இடைவெளியில் சாலையில் சென்றவர்களே அதன் விலையைச் செலுத்தினர்.