மாத்திரை நின்றாலும் மருந்து நிற்காது

கிழக்கு மத்தியதரைக்கடல் நாடுகளில் கொத்தமல்லிக் குடும்பத்துச் செடி ஒன்று உண்டு. அதன் விதைக் கஷாயத்தை எகிப்தியர் சிறுநீரகக் கல்லுக்குக் குடித்துவந்தார்கள். அந்த விதையிலுள்ள கெல்லின் என்ற பொருளை ஆராயப்போய், 1961இல் பெல்ஜியத்தில் பிறந்த மருந்து அமியோடரோன். முதலில் நெஞ்சுவலிக்குத்தான் கொடுத்தார்கள். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை அது வழிக்குக் கொண்டுவரும் என்பது பிறகுதான் தெரிந்தது.

இதயச் செல்களின் சுவரில் சோடியமும் பொட்டாசியமும் கால்சியமும் வந்துபோக நுண்ணிய வாசல்கள் இருக்கின்றன. அவை திறந்து மூடும் வரிசையில்தான் துடிப்பின் ஒழுங்கு இருக்கிறது. பெரும்பாலான துடிப்பு மருந்துகள் ஒருவகை வாசலைத்தான் முக்கியமாகப் பிடிக்கும். இது மூன்றிலும் கைவைக்கும். அட்ரினலின் இதயத்தை விரட்டுவதையும் தணிக்கும். இத்தனை கெட்டிக்காரத்தனம் இலவசமாகக் கிடைக்குமா?

இந்த மருந்தின் எடையில் 37 சதவீதம் அயோடின். தினம் ஒரு 200 மி.கி. மாத்திரை போட்டால் சுமார் 6 மி.கி. அயோடின் உடலுக்குள் கழன்று இறங்குகிறது. நமக்குத் தேவையோ 0.15 மி.கி.தான். இந்தியக் கடை உப்பில் இருக்கவேண்டிய குறைந்தபட்ச அயோடினை வைத்துக் கணக்குப் போட்டால், 400 கிராம் உப்பில் இருப்பது தினமும் உள்ளே போகிறது! கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி இந்த வெள்ளத்தைக் கண்டதும் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. பிறகு பழகி, மறுபடி வேலையைத் தொடங்குகிறது. சிலருக்கு அது மீள்வதில்லை. சோர்வும் குளிர் தாங்காமையும் வரும். வேறு சிலருக்கு நேர்மாறாகச் சுரப்பு எகிறி, உடல் இளைக்கும், கை நடுங்கும். ஆறு மாதத்துக்கொருமுறை ரத்தப் பரிசோதனை கேட்பது இதற்காகத்தான். சுரப்பு குறைந்தால் தைராய்டு மாத்திரையைச் சேர்த்துக்கொண்டு இதையும் தொடரலாம் என்பது ஓர் ஆறுதல்.

அடுத்த விசித்திரம், கொழுப்பின்மீது இதற்கிருக்கும் பாசம். உடலிலுள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் காலத்தை அரைவாழ்வு என்பார்கள். பாராசிட்டமாலுக்கு அது இரண்டு மூன்று மணி நேரம். அமியோடரோனுக்குச் சராசரியாக 58 நாள்! எண்ணெய் ஊறிய ஊறுகாய் ஜாடி மாதிரி, உடம்பு இதை எளிதில் விடாது. கொழுப்புத் திசு நிரம்பவேண்டும் என்பதால் ஆரம்பத்தில் கூடுதல் அளவு தருவார்கள். குமட்டல் அதிகம் தெரிவது அப்போதுதான். சாப்பாட்டோடு விழுங்கினால் குறையும்.

கண்ணின் கருவிழியில் சுழல்கோலமாய் நுண்துகள்கள் படிவது ஏறக்குறைய எல்லாருக்கும் நடக்கிறது. பார்வையை அது பெரும்பாலும் கெடுப்பதில்லை. சிலருக்கு இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். பார்வை மங்கினால் மட்டும் அது வேறு விஷயம், உடனே மருத்துவரிடம் போகவேண்டும். தோலில் தங்கும் மருந்தைப் புற ஊதாக் கதிர் சீண்டிவிடும். அதில் ஒருவகை, கண்ணாடியையும் ஊடுருவும். பஸ்ஸில் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாலும் தோல் எரியலாம். முழுக்கைச் சட்டையும், துத்தநாக ஆக்சைடு கலந்த வெயில் களிம்பும் உதவும்.

நுரையீரல் பாதிப்பு சிலருக்கே வரும். ஆனால் என்னைக் கேட்டால், பயப்படவேண்டியது அதற்குத்தான். வறட்டு இருமலோ புதிதாக மூச்சுவாங்கலோ வந்தால் ஜலதோஷம் என்று தள்ளிப்போடக் கூடாது. அதற்காகத் தானாக நிறுத்துவதும் தவறு. பழைய துடிப்புக் கோளாறு திரும்பலாம்.

ரத்தம் உறையாதிருக்கத் தரும் வார்ஃபரினை உடைக்கும் கல்லீரல் நொதியையும் இது மந்தப்படுத்துகிறது. அதனால் வார்ஃபரின் அளவை மூன்றில் ஒரு பங்கோ பாதியோகூடக் குறைக்க நேரும். அமியோடரோனை நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தாலும், புதிய மருத்துவரிடம் போகும்போது அதன் பெயரைச் சொல்லிவிட வேண்டும்.