கரி கண்ட உழவர்

விளக்கு எரிகிறது. ஆலை ஓடுகிறது. ஏற்றம் இறைத்துக் காய்த்துப்போன கைகள் இன்று பொத்தானை அழுத்தினால் வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது. இந்த வெளிச்சத்திலே உட்கார்ந்து ஏடு படிக்கும் நாம், இதற்கு முதல் திரி போட்டவர் யார் என்று ஒருநாளாவது கேட்டதுண்டா?

திறந்துவைத்தவர்களின் பெயர்கள் கல்லிலே இருக்கின்றன. திட்டம் தீட்டியவர்களின் பெயர்கள் அறிக்கைகளிலே இருக்கின்றன. ஆனால் கதை தொடங்கிய இடம் கோட்டையுமல்ல, டில்லியுமல்ல. கடலூரிலிருந்து வடலூர் வழியாக விருத்தாசலம் போகும் சாலைப் பக்கத்திலே, செம்மண் கொல்லையிலே, தண்ணீருக்காக ஓர் உழவர் துளை போட்ட இடத்திலேதான் அது தொடங்கியது. அந்த உழவர் பெயர் ஜம்புலிங்க முதலியார்.

அன்றைய தென்னார்க்காடு ஜில்லாவின் அந்தப் பகுதியைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மல்லாட்டையும் கம்பும் விளையும் மேட்டு நிலம். முந்திரியும் பலாவும் நிற்கும் செம்மண். வானம் பார்த்துப் பிழைத்த மக்கள். ஆனால் அந்த மண்ணுக்கு ஓர் அதிசயம் உண்டு. ஆழத் துளையிட்டால், அடியிலே அழுத்தத்தில் கிடக்கும் நீர் தானாகவே பொங்கி மேலே வரும்.

அந்த நீரைத் தேடித்தான் 1930-களின் நடுவிலே ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்திலே ஆழ்குழாய்க் கிணறு போட்டார். தண்ணீர் வந்தது. தண்ணீரோடு கருப்பாக ஒரு பொருளும் வந்தது. வேறொருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? சேறு என்று ஒதுக்கித் தள்ளியிருப்பார். தண்ணீர் கிடைத்ததே போதும் என்று இருந்திருப்பார். இவர் அதை எடுத்துப் பார்த்தார்; இது என்ன என்று கேட்டார்; சர்க்காருக்குத் தெரிவித்தார்.

தெரிவித்த செய்திக்கு உடனே பலன் கிடைத்துவிடவில்லை. ஆண்டது வெள்ளைக்காரன். 1943 முதல் 1946 வரை இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் துளையிட்டுப் பார்த்தார்கள். அங்கே பழுப்பு நிலக்கரி ஏராளமாக உண்டு என்பது உறுதியாயிற்று. தமிழ்நாட்டுக்கு அது எத்தகைய செய்தி என்பதை இன்றைய இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். நம்முடைய மின்சாரம் பைக்காராவிலும் மேட்டூரிலும் விழுந்த தண்ணீரை நம்பியிருந்த காலம் அது. மழை பொய்த்தால் மின்சாரமும் பொய்க்கும். கரி வேண்டுமென்றால் வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வரவேண்டும். அப்படிப்பட்ட நாட்டிலே, காலடியிலேயே கரி!

கண்டு சொன்னதோடு அவர் நிற்கவில்லை. சுரங்கம் வெட்ட நிலம் வேண்டுமென்ற நிலை வந்தபோது, அறுநூறு ஏக்கருக்கு மேற்பட்ட தம் நிலத்தைச் சர்க்காரிடம் கொடுத்தார். அறுநூறு ஏக்கர்! வரப்புத் தகராறிலே ஒரு முழ மண்ணுக்காக அண்ணனும் தம்பியும் கோர்ட்டு வாசலிலே தலைமுறை தலைமுறையாக நிற்பதைப் பார்த்தவர்கள் நாம். அந்த நாட்டிலேதான் இதுவும் நடந்தது.

அதற்குப் பிறகு நடந்தது வரலாறு. 1956-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி நெய்வேலி நிறுவனம் பதிவாயிற்று. 1957-ம் ஆண்டு மே 20-ந் தேதி பிரதமர் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். ஜெர்மனியிலிருந்து வந்த மண்வெட்டும் ராட்சதச் சக்கரங்கள் கடலூர் மணற்கல்லிலே பல் தேய்ந்து நின்றன. பல்லை மாற்றி, பாறைக்கு வெடி வைத்து, மீண்டும் வெட்டினார்கள். அடியிலிருந்த நீரழுத்தம் சுரங்கத்தையே மூழ்கடிக்கப் பார்த்தது. இரவு பகலாக இறைத்தார்கள். இயந்திரம் அந்நிய நாட்டுடையது, வியர்வை நம்மவர்களுடையது. 1961 ஆகஸ்டிலே கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-ல் சோவியத் நாட்டின் துணையோடு எழுந்த நிலையத்திலே மின்சாரம் பிறந்தது. லெக்கோ கரி சென்னை நகரத்து அடுப்புகளிலும் எரிந்தது. அந்த முதல் நிலையம் 600 மெகாவாட்டாக வளர்ந்து, அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்து, 2020-ல் ஓய்வு பெற்றது. அதன்பின் வந்த நிலையங்கள் எரிந்துகொண்டிருக்கின்றன.

ஜம்புலிங்க முதலியாரும் மறைந்துவிட்டார். ஓர் உழவர் மறைந்தால் நிலமாவது மிஞ்சும். மகன் வரப்பிலே நின்று, "இது அப்பா வைத்த பலா, இது அப்பா வெட்டிய கிணறு" என்று பேரனுக்குக் காட்டுவான். இவருக்கு அந்த அடையாளமும் இல்லை. அவர் கொடுத்த மண் திட்டத்துக்குள்ளே கரைந்துவிட்டது. கிணறு தேடினாலும் கிடைக்காது. எரியும் விளக்குதான் அவருக்குக் கல்லறை.

இத்தோடு பேனாவைக் கீழே வைத்துவிடலாம். கொடைவள்ளல் என்று புகழ்ந்து, மாலை போட்டு, கலைந்து போகலாம். ஆனால் உழைக்கும் மக்களுக்காக எழுதும் நாம் அப்படிச் செய்வது முறையாகாது.

அறுநூறு ஏக்கர் கொடுத்தவர் பெரிய நிலக்கிழார். கொடுத்த பின்னும் நிற்க அவருக்கு இடமிருந்தது. அவர் கொடுத்த நிலத்தைச் சுற்றி ஓர் ஏக்கரும் அரை ஏக்கரும் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? சொந்த நிலமே இல்லாமல் அந்தக் கொல்லைகளிலே களை பறித்து, மல்லாட்டை ஆய்ந்து கஞ்சி குடித்தவர்கள் எத்தனை பேர்? அவர்கள் கொடுக்கவில்லை, அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. வெள்ளையன் 1894-ல் செய்த நிலச் சட்டம், பொதுக்காரியம் என்ற ஒரே சொல்லைச் சொல்லி, யாரையும் எழுப்பிவிடும் அதிகாரத்தைச் சர்க்காருக்குக் கொடுத்திருந்தது. நிலத்துக்காவது ஒரு விலை போட்டார்கள். கூலியாளின் பிழைப்புக்கு யார் விலை போட்டார்கள்? கிராமங்கள் பெயர்ந்தன, பெயர்ந்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

பழங்கதை என்று சொல்லிவிட முடியுமா? 2023-ம் ஆண்டு ஜூலை மாதம், சேத்தியாத்தோப்புக்கு அருகே வளையமாதேவியிலே என்ன நடந்தது? சிதம்பரத்துப் பக்கத்து நெற்களஞ்சியத்தைச் சேர்ந்த பூமி அது. பயிர் பச்சையாக நின்ற வயலிலே, வாய்க்கால் வெட்டுவதற்காக இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே எடுத்தது, பணமும் முன்பே கொடுத்தது என்றது நிறுவனம். இருக்கலாம். ஆனால் நட்டவன் கண்முன்னே நாற்றைப் புரட்டும்போது கணக்குப் புத்தகம் கண்ணீரைத் துடைக்குமா? அறுவடை வரை பொறுத்தால் என்ன என்று ஊரே கேட்டது. கடைசியில் சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டு, அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொல்லவேண்டி வந்தது.

சுரங்கத்தை மூடு என்று நாம் சொல்லவில்லை. அங்கே உழைப்பவர்களும் நம் தோழர்களே. அந்த மின்சாரத்தில்தான் நம் ஆலைகள் ஓடுகின்றன. நாம் கேட்பது வேறு. நிலம் தந்த வீட்டுப் பிள்ளை, தன் பாட்டன் உழுத மண்ணிலேயே காலமெல்லாம் ஒப்பந்தக் கூலியாக நிற்கவேண்டுமா? சுரங்கம் இறைக்கும் நீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய்ப் பாசனத்துக்கு உதவுகிறது, மெய்தான். ஆனால் தானாகப் பொங்கிய கிணறுகள் வற்றிவிட்டன என்று பக்கத்துக் கிராமத்து உழவன் முறையிடும்போது, அவனுக்கு யார் பதில் சொல்வது? நிலம் எடுக்கவேண்டுமானால், எடுக்கும் முன்னே உட்கார்ந்து பேசி, வேலையையும் வீட்டையும் கையிலே கொடுத்துவிட்டு எடுப்பதற்கு என்ன தடை?

ஜம்புலிங்க முதலியாரின் வாழ்விலே நாம் காணும் பெருமை ஏக்கர் கணக்கிலே இல்லை. அவர் மனமுவந்து கொடுத்தார் என்பதிலே இருக்கிறது. ஒருவர் உவந்து கொடுத்ததைத் தொடக்கமாகக் கொண்ட ஒரு தொழில், மற்றவர்களிடம் அவர்கள் மனம் நோகப் பறித்துக்கொண்டு வளர்வது, அந்தப் பெரியவருக்கே செய்யும் அவமரியாதை.

அவருக்குச் சிலை வைக்கட்டும், வேண்டாமென்று சொல்லமாட்டோம். ஆனால் அவருக்கு நாம் கேட்கும் நினைவுச் சின்னம் ஒன்று உண்டு. கடலூரிலோ சிதம்பரத்திலோ இரண்டு ஏக்கர்க்கார உழவர் ஒருவர், நிலத்தைக் கேட்டு வரும் அதிகாரியைக் கண்டு நடுங்காமல், திண்ணையிலே எதிரே உட்கார்ந்து, சரி என்றோ முடியாது என்றோ நிமிர்ந்து சொல்லும் நாள் வரவேண்டும். அந்த நாள்தான் கரி கண்ட உழவருக்குக் கட்டும் மண்டபம்.

அதைக் கட்டும் வேலை நம்முடையது, தோழர்களே!